பயோஸுக்கு நல்ல நேரம் பார்த்தவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியைக் கண்டால் கை அரிக்கும் மனிதர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். கொசுவைப் போல எல்லாத் தெருவிலும் உண்டு. கொசுவைப் போலவே, கடித்த பிறகுதான் இருப்பது தெரியும். இவர்களுக்கு அப்டேட்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வேறு நல்ல பெயர் கிடைத்தால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை மாற்றுவதால் எந்தக் கணினியும் செத்துவிடாது.

அடையாளம் காண்பது எளிது. உங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றுவார். நீங்கள் நீட்டும் தண்ணீரை வாங்குவதற்கு முன்பே அவர் பார்வை கூடத்து மூலையில் இருக்கும் கணினியின் மேல் போய் விழுந்துவிடும். "என்ன வெர்ஷன்ல ஓடுது?" என்பார். "நல்லா ஓடுதுங்க" என்பீர்கள். நீங்கள் வெர்ஷன் தெரியாதவர் என்பதை அந்த ஒரு பதிலில் கண்டுபிடித்துவிட்டு, நெஞ்சுவலியை மறைத்த நோயாளியைப் பார்க்கும் டாக்டரைப் போல உங்களைப் பார்ப்பார். துக்கம் கேட்க வந்த வீட்டிலும் இப்படித்தான். பத்து நிமிடம் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பிறகு காலமானவரின் மகனைத் தனியே அழைத்து, "அப்பா கடைசியா அப்டேட் பண்ணது எப்பன்னு தெரியுமா தம்பி?" என்பார்.

விண்டோஸை அப்டேட் செய்வது, பிரிண்டரை அப்டேட் செய்வது எல்லாம் இவருக்குப் பால்வாடி. இவர் இறங்க விரும்பும் ஆழம் ஒன்றே ஒன்று: பயோஸ்.

அது என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. கணினிப் பெட்டிக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை. அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. அதற்குள் ஒரு குட்டி நிரல். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது அதுதான். அது எழுந்து, கீபோர்டு இருக்கிறதா, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விண்டோஸை உள்ளே விடும். அந்த நிரலையும் புதுப்பிக்கலாம். புது பிராசஸர் மாட்டினால், பாதுகாப்பில் ஓட்டை என்று தெரியவந்தால், புதுப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பழையதை அழித்துப் புதியதை எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் மட்டும் போகக் கூடாது. போனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. எழுப்ப வேண்டியவரே எழாமல் கிடப்பார்.

இதையெல்லாம் அப்டேட்காரரும் படித்திருப்பார். 'உங்கள் கணினி ஒழுங்காக ஓடினால் இதைத் தொடாதீர்கள்' என்று போர்டைச் செய்த கம்பெனியே தன் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதை மட்டும் படித்திருக்க மாட்டார். அதற்குக் கீழே 'நிலைத்தன்மை மேம்படும்' என்று இரண்டே சொற்கள் இருக்கும். அதைப் படிப்பார். உருகுவார்.

இந்த இனத்தில் ஒருவரைப் பிடித்து உங்கள் முன் நிறுத்துகிறேன். பெயர் அழகிரி. ஸ்ரீரங்கம், மேல அடையவளஞ்சான் தெரு. வயது ஐம்பத்தெட்டு. விருப்ப ஓய்வு பெற்றவர். ஆனால் அவர் ஓய்வு பெற்றதில் யாருக்கு விருப்பம் என்று இன்றுவரை தெரியவில்லை. நல்ல மனிதர். யாரிடமும் கை நீட்ட மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் தானே காசு கொடுத்துவிடுவார். அதுதான் ஆபத்து. காசு வாங்குகிறவரை 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். இலவசமாக வருகிறவரை எப்படி அனுப்புவது?

அழகிரியின் கைபேசியில் இரண்டு செயலிகள் எந்நேரமும் விழித்திருக்கும். ஒன்று, உலகத்தில் எந்த மதர்போர்டுக்கு எந்த மூலையில் புது பயோஸ் வந்தாலும் மணியடிக்கும். மற்றொன்று பஞ்சாங்கம். ராகு காலம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதுவும் மணியடிக்கும். விஞ்ஞானம் பெருகினால் மூடநம்பிக்கை தானே அழியும் என்று நம்பினோம், இல்லையா? இதோ, மூடநம்பிக்கை செயலியாக வந்து, மாதம் ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. நாம் நம்பியதுதான் பழைய வெர்ஷன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அழகிரியின் சொந்தக் கணினி, வாங்கிய நாள் முதல் பூப்போட்ட துணி போர்த்திய நிலையில், யாரும் கைவைக்காமல் சுகமாக இருக்கிறது. அதன் பயோஸ் வந்தபடியே இருக்கிறது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல மாப்பிள்ளையோட ஆபீஸ் வேலையெல்லாம் இருக்குங்க. அதுல போய் விளையாட முடியுமா?"

முடியாதுதான். விளையாட அடுத்தவர் கணினி வேண்டும். அதிலும் வசதியுள்ளவன் கணினி உதவாது; அவன் தொடவிட மாட்டான். மறுத்துப் பேசக் கூச்சப்படுகிற எளியவனுடையது வேண்டும். சோதனை எலியிடம் யார் சம்மதம் கேட்கிறார்கள்?

அப்படி அகப்பட்டவர் நிஜாமுதீன். காந்தி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கணினி, ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு யு.பி.எஸ். பெட்டியும் உண்டு, அதன் பேட்டரி இறந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது அது ஏ-ஃபோர் பேப்பர் கட்டு வைக்கும் பலகையாகச் சேவை செய்கிறது. ஜெராக்ஸ் போடுவது நிஜாமுதீன். கணினியில் விண்ணப்பம் நிரப்புவது, ஸ்கேன் செய்வது, சிக்கிய வெப்சைட்டோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவர் மனைவி நசீரா. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், வெங்காயம் பொறுக்குகிறவர், கொத்தமல்லிக் கட்டு விற்கிறவர் எல்லாருக்கும் அரசாங்கம் என்பது நசீராவின் பத்து விரல்கள்தான்.

ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வேலம்மாள் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வெங்காய மண்டியில் தரம் பிரிக்கும் வேலை; அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மகள் மருங்காபுரியில் பாட்டனார் வீட்டில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம். அதற்குக் கடைசி நாள் அன்றுதான், மாலை ஐந்து மணி வரை. மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, போட்டோ, கையெழுத்து எல்லாவற்றையும் போன வாரமே நசீரா ஸ்கேன் செய்து அந்தக் கணினியில் வைத்திருந்தாள். அசல்கள் ஏதோ சரிபார்ப்புக்காகப் பள்ளிக்கூடத்து பீரோவுக்குள் போய்விட்டன. பீரோ சாவி விடுப்பில் போய்விட்டது. வெப்சைட் ஒரு வாரமாக மூச்சுமுட்டிக் கிடந்ததால் அனுப்புவது தள்ளிப்போய், கடைசி நாளில் வந்து நின்றது. ஆக, அந்தப் பெண் நர்ஸ் ஆவதும் ஆகாததும் நிஜாமுதீன் கடைக் கணினிக்குள் இருந்தது.

நசீரா பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டும். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அழகிரி.

அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். "பாய், உங்க பயோஸ் எஃப் நாலு. இப்ப எஃப் பதினாலு வந்தாச்சு. பத்து வெர்ஷன் பின்னாடி இருக்கீங்க. எப்படிங்க தூக்கம் வருது?"

நிஜாமுதீனுக்கு நன்றாகத்தான் தூக்கம் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் மரியாதைக்கு, "எதுனா பிரச்சினை வருமாண்ணே?" என்றார்.

"நேரம் பாத்துப் பண்ணா ஒண்ணும் வராது. உங்க நட்சத்திரம் என்ன?"

"எங்க ஆளுங்களுக்கு அதெல்லாம் பாக்கிறதில்லண்ணே."

"சரி, கம்ப்யூட்டர் வாங்குன தேதியச் சொல்லுங்க."

நிஜாமுதீன் பில்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அழகிரி கைபேசியில் தேதியைத் தட்டினார். கணினி கேட்டை நட்சத்திரத்தில் பிறந்திருந்தது. புதன்கிழமை அதற்குச் சந்திராஷ்டமம் இல்லை. நல்ல நேரம் ஒன்பதே கால் முதல் பத்தே கால். சூலம் வடக்கு, அழகிரி ஸ்ரீரங்கத்திலிருந்து தெற்கே வருவதால் அந்தத் தொல்லையும் இல்லை. கணினி மட்டும் பேசக்கூடியதாக இருந்திருந்தால், 'என்னைக் கொஞ்சம் தூசி தட்டுங்களேன்' என்று கேட்டிருக்கும்.

வேலம்மாள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "சார், என்னோடத முதல்ல முடிச்சிட்டுப் பண்ணக் கூடாதா? பத்து மணிக்குள்ள கரண்டு போயிரும்னு நசீரா பாப்பா சொல்லிச்சு. அதான் ஒம்போதுக்கே வரச் சொல்லிச்சு."

கவனியுங்கள். இவ்வளவு கதையிலும் தெளிவாகப் பேசப்பட்ட வார்த்தை இதுதான். பேசியவர் வெங்காயம் பொறுக்குகிறவர்.

அழகிரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கரண்டெல்லாம் போகாதும்மா. நேரம் நல்லாருக்கு."

"பேப்பர்ல போட்டிருக்குதாம் சார்."

"பேப்பர நானும்தான் பாத்தேன்."

பொய்யில்லை. பார்த்தார். மேஜையில் டீக் கிளாசுக்கு அடியில் அன்றைய செய்தித்தாள் கிடந்தது. அதில் தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தார். 'புதிய முயற்சி கைகூடும்' என்று இருந்தது. அதை ஒட்டிய கட்டத்தில் 'இன்றைய மின்தடை' என்று தலைப்புப் போட்டு, பராமரிப்புப் பணிக்காகக் காலை 9.45 முதல் மாலை 4 வரை மின்சாரம் இருக்காது என்று தெருத் தெருவாகப் பெயர் எழுதியிருந்தது. இந்தச் சந்தும் அதில் இருந்தது. யாரோ ஒருவர் அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் பொதுவாக அடித்துவிட்ட வரியை நம்பினார். பக்கத்தில் தேதி, மணி, தெருப்பெயரோடு அச்சடித்த வரி அவர் கண்ணில் படவே இல்லை. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மெல்லிய கோடுதான்.

நிஜாமுதீனாவது சொல்லியிருக்கலாம். நசீரா அவரிடமும் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அவர் அந்நேரம், பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ரேஷன் கார்டை இரண்டு பக்கமும் ஒரே தாளில் வரவழைக்கும் போராட்டத்தில் இருந்தார்.

"பாய், உங்க முறையில ஓதுறதுக்கு ஏதாச்சும் இருந்தா ஓதிக்குங்க. ஆரம்பிக்கப் போறேன்."

"எனக்கு ஓதத் தெரியும்ண்ணே. கம்ப்யூட்டருக்கு ஓத யாரும் சொல்லிக் குடுக்கலையே."

அழகிரி பென் டிரைவைச் செருகினார். கண்ணை மூடி மூன்று விநாடி நின்றார். என்டர் விசையை மோதிர விரலால் அழுத்தினார். பழையது அழிந்தது. திரையில் ஒரு பட்டை நகர ஆரம்பித்தது. பத்து சதவிகிதம். முப்பது. "பாருங்க, எப்படி வழுக்கிட்டுப் போகுது!" நாற்பத்தெட்டு. "இது நேரத்தோட மகிமை." அறுபத்திரண்டு.

மணி ஒன்பதே முக்கால்.

நம் ஊரில் அறிவித்த நிமிடத்தில் தொடங்கும் காரியங்கள் மிகக் குறைவு. கூட்டம் தொடங்காது, கல்யாணப் பந்தி தொடங்காது. மின்தடை தொடங்கும்.

ஃபேன் நின்றது. ஜெராக்ஸ் மெஷின் பெருமூச்சு விட்டது. பேப்பர் கட்டுக்கு அடியில் கிடந்த யு.பி.எஸ். 'கீங்' என்று ஒரே ஒரு முறை முனகி அடங்கியது. திரை கறுத்தது. பக்கத்துக் கடையிலிருந்து ஒரு குரல்: "போயிருச்சா? கரெக்டா போட்டாம்பா!"

வேலம்மாள் எழுந்து நின்றார். "சார், எம் பொண்ணு சர்ட்டிபிகேட்டு?"

"அது உள்ளதான் இருக்கும்மா."

"உள்ளன்னா எங்க சார்?"

அழகிரிக்குப் பதில் தெரியும். ஆனால் அவருக்கு அப்போது வேறு வேலை இருந்தது. பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் செருகியிருக்கும் வட்ட பேட்டரியை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, வெளிச்சத்தில் ஆராய்ந்து, மறுபடி போட்டார். மறுபடி எடுத்தார். "இத ஒரு மணி நேரம் வெளிய வச்சிருந்து போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார். இது இந்த இனத்தின் இறுதிச் சடங்கு. சில்லில் பாதி எழுதி நின்றுபோனதற்கும் அந்த பேட்டரிக்கும் உள்ள உறவு, செவ்வாய்க்கும் உங்கள் மகள் கல்யாணத்துக்கும் உள்ள உறவைப் போன்றது.

ஒன்பதேகாலுக்குள் வந்துவிடுவதாக இருந்த நசீரா, பிள்ளையின் பள்ளியில் ஃபீஸ் வரிசையில் மாட்டிக்கொண்டு பத்து மணிக்குத்தான் வந்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். வேலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்தார்.

"ஏங்க, நேத்தே சொன்னேன்ல? கரண்டு போறதுக்குள்ள இந்தக்கா வேலைய முடிக்கணும்னு?"

"அண்ணன் அஞ்சு நிமிஷம்னாருமா."

"பயப்படாதம்மா நசீரா. கரண்டு வந்ததும் தானா எழுந்துக்கும்" என்றார் அழகிரி.

"கரண்டு நாலு மணிக்குத்தாண்ணே வரும். வந்தும் எழுந்துக்கலைன்னா?"

"எழுந்துக்கும். ஆரம்பிச்ச நேரம் அப்படி."

ஆனாலும் வயதில் பெரியவர் சொன்னதற்காக நசீரா அந்த பேட்டரிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாள். பிறகு தில்லைநகரில் கடை வைத்திருக்கும் தோழி சம்ரீனுக்குப் போன் செய்தாள். அங்கே மின்தடை இல்லை. ஆனால் கடைசி நாள் கூட்டம்; பன்னிரண்டு மணிக்கு மேல்தான் ஒரு மெஷின் காலியாகும் என்றாள் சம்ரீன். சரி என்று ஆட்டோ பிடித்தார்கள். கணினிப் பெட்டியை வேலம்மாள் மடியில் வைத்துக்கொண்டார். மெயின்கார்டு கேட் நெரிசலில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். அழகிரி சும்மா இருப்பாரா? பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். பொறுப்பானவர்.

சம்ரீன் கடையில் பெட்டியைப் பிளக்கில் செருகினார்கள். உள்ளே ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை. நான்கு முறை. எழுப்ப வேண்டியவர் எழவில்லை.

"அப்ப அவ்ளோதானா பாப்பா?" என்று கேட்டார் வேலம்மாள். குரல் உயரவே இல்லை. ஏமாற்றம் பழகியவர்களுக்குக் கத்துவதற்குத் தெம்பு இருக்காது.

"போர்டுதாங்க்கா போச்சு. டிஸ்க் அப்படியேதான் இருக்கும். கழட்டி இவ கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துடலாம்." நசீரா கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

அழகிரி கைபேசியைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "அம்மாடி, இரும்மா! மணி பன்னெண்டு பத்து. ஒன்னரை வரைக்கும் ராகு காலம். இப்பப் போய்த் திறக்காத. ஏற்கெனவே ஒண்ணு போயாச்சு."

நசீரா நிமிர்ந்தாள். "அண்ணே, ராகு காலத்துல கரண்டு இருக்கு. உங்க நல்ல நேரத்துலதான் இல்ல."

சம்ரீன் கடை வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அழகிரியும் கூடச் சேர்ந்து சிரித்தார். வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான்கு திருகாணி. இரண்டு வயர். டிஸ்க் கையோடு வந்தது. சம்ரீனின் கணினியில் மாட்டியதும் உள்ளே எல்லாம் வரிசையாகத் தெரிந்தன: மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, இரட்டைச் சடை போட்ட போட்டோ, வளைந்து வளைந்து போட்ட கையெழுத்து. வேலம்மாள் திரையில் மகளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெப்சைட் இரண்டு முறை மூச்சுமுட்டியது. மூன்றாம் முறை திறந்தது. ஓ.டி.பி. எண் வேலம்மாளின் பட்டன் போனுக்கு வந்தது. மண்டியில் எடை சொல்கிற குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஆறாவது எண்ணையும் நசீரா தட்டினாள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. மணி ஒன்று பத்து. ராகு காலம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ராகு ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

அழகிரி முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? நான் நல்ல நேரத்துல ஆரம்பிச்சதாலதான் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல!"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? காரியம் நடந்தால் நேரம் நல்லது. கெட்டால், இதைவிட மோசமாகக் கெடாமல் காப்பாற்றியது அந்த நேரம். இப்படி, எப்படிக் குப்புற விழுந்தாலும் மண் ஒட்டாத மீசையோடு ஒரு கருத்து இருந்தால், அதை அசைக்க எந்தப் பல்கலைக்கழகத்தாலும் முடியாது. நிஜாமுதீனின் மதர்போர்டை ஒரு மெக்கானிக் வாங்கிப்போய், சில்லைப் பெயர்த்தெடுத்து, பழைய எஃப் நாலையே எழுதிக் கொடுக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் மார்க்கெட்காரர்கள் அரசாங்கத்தைத் தேடி அந்தச் சந்துக்கு வந்து, பூட்டிக் கிடந்த நசீராவின் விரல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த நாட்களுக்கு நேரம் குறித்தவர் யார்?

போகட்டும். அழகிரியை நினைத்துச் சிரித்தீர்களா? சிரியுங்கள். அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். பட்டை அறுபத்திரண்டில் நின்றபோது, 'இந்த ஆள் முறையே தெரியாமல் செய்கிறார், நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றியதா? செய்திருக்க வேண்டிய தேவையே இல்லை என்பது தோன்றாமல்? அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சார்பில் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பென் டிரைவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு வெளியே கிளம்புங்கள்.

'எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, நான் தப்பித்தேன்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். அந்தப் பச்சை எழுத்து வந்த வரியைப் படித்தபோது, 'ஏதோ அந்தப் பெண்ணுக்கு நேரம் நல்லா இருந்தது' என்று உங்கள் மனத்துக்குள் ஒரு குரல் முணுமுணுத்ததா இல்லையா?

நேரம் அல்ல ஐயா. நசீரா.